பாலில் கலந்த வெயில்

முதலில் செத்தது சிவப்பு.

சிங்கப்பூரின் பஃப்ளோ ரோட்டுக் காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். இடது கண்ணில் ஏதோ உறுத்தியது. அதை மூடிக் கசக்கினேன். வலது கண் மட்டும் திறந்திருந்த அந்த ஒரு மூச்சுக்குள், கூடையில் இருந்த தக்காளி அத்தனையும் சாம்பல் பூசிக்கொண்டு கிடந்தன. கையை எடுத்தேன், சிவப்பு. மூடினேன், சாம்பல். எடுத்தேன், மூடினேன், எடுத்தேன். கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்னக்கா, தக்காளிக்கெல்லாம் கண்ணடிக்கிறீங்க?" என்றார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டேன். இடது கண்ணை மூடிக்கொண்டு என் ரத்தத்தைப் பார்த்தேன். ஆறிப்போன தேநீரின் நிறம். தெரிந்தேதான் வெட்டினேனா, கத்தி வழுக்கியதா, இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் வலி வந்தது. கண்ணை அசைத்தால் உள்ளேயிருந்து யாரோ தூண்டில் முள்ளை மாட்டி இழுப்பது போல. தொலைக்காட்சி நாடகங்களுக்குத் தமிழில் வசனவரி எழுதுவது என் வேலை. சீனத்தில் அழுகிற பெண்ணுக்குக் கீழே தமிழில் அழவேண்டும், அதுவும் இரண்டே வரிக்குள். அந்த வாரம் திரையின் நடுவில் ஒரு பழுப்புக் கறை உட்கார்ந்தது. நான் எழுதிய சொற்கள் அதற்குள் நுழைந்தன, வெளியே வரவில்லை.

கண் மருத்துவர் சிவப்புத் தலை வைத்த ஒரு குண்டூசியைக் காட்டினார். வலது கண்ணுக்கு அது வெறும் குண்டூசி. அவர் எதுவும் சொல்லாமல் நரம்பு மருத்துவரிடம் அனுப்பினார். எதுவும் சொல்லாமல் அனுப்புகிற மருத்துவர்களைக் கண்டால் பயப்படுங்கள்.

எம்ஆர்ஐ குழாய்க்குள் படுத்ததைச் சொல்லவேண்டும். அது படம் எடுக்கிற இயந்திரம் என்கிறார்கள். எனக்கு அது சவப்பெட்டிக்கு வெளியே நின்று ஆணி அடிக்கிற சத்தம். ஒரு தாளத்தில் அடிக்கிறான், நிறுத்துகிறான், நீ பெருமூச்சு விடும் நேரம் பார்த்து வேறு தாளத்தில் அடிக்கிறான். பிறகு முதுகைக் கூனாக வளைக்கச் சொல்லி, தண்டுவடத்தில் ஊசி குத்தி, அங்கே ஓடுகிற தெளிந்த நீரைச் சொட்டுச் சொட்டாக எடுத்தார்கள். ஷிஃபா, என் மகள், பாலிடெக்னிக்கில் படிக்கிறவள், என் முன்னால் குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அம்மா, என்னைக் கிள்ளிக்கோங்க, ஐ டோன்ட் கேர்" என்றாள். கிள்ளினேன். அந்த நீலம் அவள் கையில் ஒரு வாரம் இருந்தது.

நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். டாக்டர் லிம் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். நரம்பு ஒவ்வொன்றின் மேலும் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. அந்த உறை இருந்தால்தான் மூளை சொல்வது கண்ணுக்கும் காலுக்கும் சிதறாமல் போய்ச்சேரும். நோயிலிருந்து நம்மைக் காக்கவேண்டிய வெள்ளை அணுக்களுக்கு ஏதோ ஒரு நாள் வெறி பிடிக்கிறது. எதிரி என்று நினைத்து அந்த உறையையே கடித்துத் தின்கின்றன. தின்ற இடத்தில் தழும்பு. மூளையில், முதுகுத்தண்டில், பல இடங்களில் தழும்பு. அதனால் அந்தப் பெயர்.

என் வீட்டுக்காவல் நாய்கள் என் குரல்வளையைப் பிடித்திருக்கின்றன என்று புரிந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"இன்னொரு கண்ணும் போகுமா?"

டாக்டர் லிம் கையில் இருந்த பேனாவை மூடிவைத்தார். ஒல்லியான பெண்மணி, பொய் சொல்லத் தெரியாத முகம். "போகலாம். கால் போகலாம், கை போகலாம், ஒன்றுமே போகாமலும் இருக்கலாம். அடுத்த அடி விழுவதற்கு முன்னால் வெறிபிடித்த அணுக்களை அடக்குகிற மருந்தை உங்கள் நரம்பில் ஏற்றவேண்டும். இது நமக்கும் அதற்கும் ஓட்டப்பந்தயம்."

பந்தயம் தொடங்கும் முன்பே என் காலைக் கட்டிவிட்டார்கள். அந்த மருந்து உடம்பின் காவலைத் தளர்த்திவிடும் என்பதால் முன்கூட்டியே எல்லாம் சோதிக்கவேண்டும். சோதித்ததில் பழைய காசநோய்க் கிருமி எனக்குள் தூங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. நோயாக இல்லை, தூக்கமாக. முதலில் அதைக் கொல்ல மாத்திரை, சில மாதங்கள். பிறகுதான் அந்த மருந்து. அதுவரை அடுத்த அடி விழாமல் இருக்கவேண்டும். அவ்வளவுதான், இருக்கவேண்டும்.

அதே நாளில்தான் வைட்டமின் டி எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.

"உங்கள் ரத்தத்தில் டி மிகவும் குறைவு" என்றார் டாக்டர் லிம்.

என் கணவர் ஹமீது நாற்காலியில் நிமிர்ந்தார். லிட்டில் இந்தியாவில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். பெட்டி என்றால் நிஜமாகவே பெட்டி, சக்கரம் வைத்த பயணப் பெட்டிகள். பேரம் பேசியே பழகியவர், மருத்துவரிடமும் பேசினார். "டாக்டர், திஸ் இஸ் சிங்கப்பூர். சன் எவ்ரிடே. ஹவ் கேன்?"

"வெயில் இருக்கிறது. அவர் அதைத் தொடுகிறாரா?"

யோசித்துப் பார்த்தேன். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் பிளாக்கின் லிஃப்டிலிருந்து கூரை போட்ட நடைபாதை, அங்கிருந்து ரயில், ரயிலிலிருந்து நிலத்தடி வழி, அங்கிருந்து ஜன்னலே இல்லாத, எப்போதும் குளிர்கிற எடிட்டிங் அறை. திரும்பும்போது இருட்டு. வெயிலை நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில்தான் பார்த்திருக்கிறேன், மீன்தொட்டி பார்ப்பதுபோல. ஞாயிற்றுக்கிழமை வெளியே போனால் குடை. கறுத்துவிடுவேன் என்று சின்ன வயதில் யாரோ கையில் திணித்த குடை. அங்கிருந்த தாதி என் முக்காட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "மே பி பிகாஸ் யூ கவர்" என்று இழுத்தாள். "என் எதிர்வீட்டு ஆண்ட்டி கையில்லாத பனியனோட அலையிறாங்க. அவங்களுக்கும் டி இல்ல, மாத்திரைதான் சாப்பிடுறாங்க. அவங்ககிட்ட எதைக் கழட்டச் சொல்வே?" என்று தமிழிலேயே கத்தினேன். அவளுக்குப் புரியவில்லை. குரல் புரிந்தது. கண் நரம்பின் வீக்கத்துக்கு ஏற்றுகிற, கோபத்தையும் கிளப்புகிற ஸ்டீராய்டு அப்போதே எனக்குள் பாதி ஏறியிருந்தது.

டாக்டர் லிம் பொறுமையாகச் சொன்னதை, உங்களில் யாருக்காவது பயன்படும் என்று விவரமாகவே எழுதுகிறேன். இந்த நோய் பூமத்திய ரேகையிலிருந்து விலகிய குளிர்நாடுகளில் அதிகம். நம் பக்கம் அபூர்வம். வெயில் படும்போது தோலே டி தயாரித்துக்கொள்கிறது. கறுத்த தோலுக்கு அதிக நேரம் வெயில் வேண்டும். டி எலும்புக்கு மட்டும் என்று நினைத்திருந்தோம், வெள்ளை அணுக்களை அடங்கி இருக்கச் சொல்வதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. ரத்தத்தில் அது குறைந்தவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல். ஆனால் வந்துவிட்ட நோயை டி கொடுத்து நிறுத்திவிடலாமா என்று சோதித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. "அதனால் குறையை நிரப்புவோம். அதையே நம்பி உட்காரமாட்டோம்" என்றார். தினம் ஒரு சின்ன மாத்திரை எழுதினார்.

மாத்திரையைக் கையில் வாங்கிய ஹமீது அதை விரலில் உருட்டினார். கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. "இதுவா அடக்கும்?" என்றார் என்னிடம். அந்த 'அடக்கும்' மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது என்று எனக்கு அன்று தெரியவில்லை.

ஸ்டீராய்டு நாட்களை எப்படி எழுத? பையிலிருந்து தெளிந்த திரவம் நரம்புக்குள் இறங்குகிறது. வாயில் பழைய சாவிக்கொத்தைச் சப்பிய ருசி. பக்கத்துக் கட்டில் பாட்டி தொலைபேசியில் கிண்ணென்று ஹொக்கியென் மொழிச் சீனப் பாட்டு வைப்பார், எனக்கு எழுந்துபோய் அதை ஜன்னல் வழியாக எறியவேண்டும் போலிருக்கும். தூக்கம் இல்லை. கண் திரும்பி வந்தது, மெதுவாக, கறை ஓரத்திலிருந்து கரைந்தது, சிவப்பு எழுந்து உட்கார்ந்தது, சற்று வெளிறிய முகத்தோடு. ஆனால் கண்ணைக் கொடுத்த மருந்து என் கையில் ஒரு தடியையும் கொடுத்தது. வீட்டுக்கு வந்தபின் சோற்றுப் பானையைத் தரையில் அடித்தேன். ஷிஃபாவின் தலைவாரும் சீப்பை முறித்தேன். ஏன் என்று கேட்டால், பல் பல்லாக இருந்தது, பிடிக்கவில்லை.

அந்த நாட்களில் ஹமீதுவின் கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் கொடுத்தனுப்பினார்கள். கருஞ்சீரக எண்ணெய், தேன், ஏதோ வேர், ஏதோ சூரணம். ஒரு நாள் அவர் கரண்டியோடு என் முன் நின்றார். தட்டிவிட்டேன். சுவரெல்லாம் தேன்.

"இனிமே டாக்டர் எழுதிக் குடுத்ததைத் தவிர எதையாவது என் வாய்கிட்ட கொண்டாந்தீங்க, கையைக் கடிச்சித் துப்பிடுவேன்."

"சரி" என்றார். சுவரைத் துடைத்தார். எறும்பு வரும் என்று இரண்டாவது முறையும் துடைத்தார்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து பால் வந்தது. கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் அடுப்பைப் பற்றவைக்காத மனிதர், கடை சாத்திவிட்டு வந்ததும் பால் காய்ச்சினார். பொங்கவிட்டார், அடுப்பைத் துடைத்தார், ஏலக்காய் தட்டிப் போட்டார், பனங்கற்கண்டு போட்டார், ஆற்றினார். சில்வர் டம்ளரைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு நான் கடைசிச் சொட்டு குடிக்கும்வரை எதிரிலேயே நின்றார்.

"அடியில ஏதோ மண்ணு மாதிரி நிக்குதே?"

"கற்கண்டு கரையலை. குடி."

குடித்தேன். என்னை யாரும் அப்படி நின்று பார்த்ததில்லை. மாலை ஆனால் அந்தப் பாலுக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். வெறி மெல்ல இறங்கியது. ஒரு நாள் அவர் நெற்றியில் கைவைத்து, "நல்லா இருக்குங்க" என்றுகூடச் சொன்னேன்.

பிறகு தாகம் வந்தது. குடம் குடமாகக் குடித்தேன், குடித்ததெல்லாம் உடனே வெளியே போனது. சாப்பாட்டைக் கண்டால் குமட்டல். வயிறு கல்லாய் இறுகியது. காலில் யாரோ ஈரமணல் மூட்டை கட்டியதுபோல் கனம். பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும், அடுத்த அடி விழுந்துவிட்டது என்று ஆகிவிடும். புக்கிட் பாஞ்சாங் நிலைய நகரும் படியில் கால் மடங்கி விழுந்தேன். ஏறிக்கொண்டிருந்த படிகள் என் முழங்காலைப் பல்லால் சீவின. யாரோ சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தினார்கள்.

அவசரப் பிரிவில் படுத்திருந்தபோது மனிதர்களின் நெஞ்சுக்குக் கீழே வசனவரிகள் ஓடுவதைப் பார்த்தேன். ஒரு மருத்துவர் வாயைத் திறந்தார், அவருக்குக் கீழே தமிழில் 'அவளைக் கொன்றுவிடு' என்று வந்து மறைந்தது. ஷிஃபா அழுதாள், அவளுக்குக் கீழே வெற்றுப் பட்டை. என் மகளை நான் என் தங்கை பெயர் சொல்லி அழைத்தேனாம்.

"அம்மா, இட்ஸ் மீ, நான் ஷிஃபா. பாருங்க என்னை. பாருங்க!"

எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். நோய் திரும்பத் தாக்கிவிட்டது, இம்முறை மூளையை. மறுபடியும் குழாய், மறுபடியும் ஆணி. ஆனால் டாக்டர் லிம் படங்களைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். புதிய தழும்பு ஒன்றுமில்லை. அப்படியானால் என்னை யார் அடித்தது?

ரத்தம் சொன்னது. கால்சியம் தாறுமாறாக ஏறிக்கிடந்தது. சிறுநீரகம் திணறிக்கொண்டிருந்தது.

உப்புநீரைப் பை பையாக ஏற்றினார்கள். என் தலை கொஞ்சம் தெளிந்த பிற்பகலில் டாக்டர் லிம் வந்தார், சிறுநீரக மருத்துவரையும் கூட்டிக்கொண்டு. கட்டிலின் ஒரு பக்கம் ஹமீது, மறுபக்கம் ஷிஃபா.

"நாங்கள் எழுதியதைத் தவிர வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?"

"ஒன்றுமில்லை" என்றேன். சத்தியமாக அதுதான் எனக்குத் தெரிந்த உண்மை.

"நாட்டு மருந்து? பொடி? ஊரிலிருந்து வந்தது?"

"ஒன்றுமில்லை."

"டி அளவைப் பார்த்தோம். எங்கள் இயந்திரம் காட்டக்கூடிய உச்சத்தையும் தாண்டிப் போய்விட்டது. நான் எழுதிய மாத்திரையால் இது வராது. வெயிலில் நாள் முழுக்க நின்றாலும் வராது, போதும் என்றால் தோல் தானே நிறுத்திக்கொள்ளும். வாய்வழியாகத்தான் போயிருக்கவேண்டும், நிறைய."

திரைச்சீலையின் வளையங்கள் குளிர்காற்றில் டிக் டிக்கென்று அசைந்தன. ஹமீது தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷிஃபா மெதுவாக நிமிர்ந்து தன் அப்பாவைப் பார்த்தாள். "அத்தா. கிச்சன் குப்பைக்கூடையில குட்டிக் குட்டி பாக்கெட்டு கிடக்கும். நான் உங்க வயித்துக்கு ஏதோ பவுடர்னு நெனச்சேன்." குரல் உடைந்தது. "அத்தா, அது என்னது?"

அவர் பேசத் தொடங்கினார். மருத்துவர்களிடம் இல்லை, என்னிடமும் இல்லை, கட்டிலின் இரும்புக் கம்பியிடம்.

கடைக்கு வருகிற சாகுல் பாய் ஒரு குருவி. குருவி என்றால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பெட்டி தூக்கிப் பறக்கிறவர். போகும்போது மின்சாமான், வரும்போது சேலையும் மருந்தும். ஹமீதுவின் பெட்டிகளை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் குருவிகள்தான். அவரிடம் ஹமீது வைட்டமின் டி கேட்டிருக்கிறார். ஊரில் அது சின்னச் சின்னப் பொட்டலத்தில் குறுணையாகக் கிடைக்கும், பாலில் கலந்து குடிப்பார்கள். ஒரு பொட்டலத்திலேயே அறுபதாயிரம் யூனிட், டாக்டர் லிம் எழுதியது தினத்துக்கு ஆயிரம்.

"வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ வந்துச்சு. யாரோ வெளிநாட்டு டாக்டரு, இதே நோயிக்கு, அளவில்லாம டி குடுத்து எழுந்து நடக்க வச்சாராம். இவ கண்ணு இன்னொண்ணும் போயிடுமேன்னு... மருந்து ஏத்த மாசக்கணக்காகும்னு சொல்லிட்டாங்க. சும்மா எப்படி உக்காந்திருக்கறது? சாகுல் பாய் வாரம் ஒண்ணுன்னுதான் சொன்னாரு. அது சாதாரண ஆளுங்களுக்கு. இவளுக்குப் பெரிய நோயாச்சே. அதான் தெனம்..."

"தினமா?" என்றார் டாக்டர் லிம். அந்தத் தமிழ்ச் சொல்லை எப்படிப் புரிந்துகொண்டாரோ.

"எவ்ரிடே, டாக்டர்" என்றார் என் கணவர். "இன் த மில்க்."

கட்டில் மேசையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த அதே சில்வர் டம்ளர். எறிந்தேன். குறி பார்க்கவில்லை என்று சொல்ல ஆசை. குறி பார்த்தேன். இடது புருவத்தில் விளிம்பு பட்டுப் பிளந்தது. ரத்தம் கண்ணோரமாக வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. நல்ல சிவப்பு. என் இரண்டு கண்ணுக்கும் தெரிகிற சிவப்பு.

"என்னைக் கேட்டியா? என் வாயி, என் வயிறு, ஒரு வார்த்தை கேட்டியா நீ?" முதல்முறையாக அவரை ஒருமையில் அழைத்தேன். "நின்னு பார்த்தியே! கடைசிச் சொட்டு வரைக்கும் நின்னு பார்த்தியேடா!"

ஊசிக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தேன் என்கிறார்கள். தாதிகள் ஓடிவந்தார்கள். காவலாளி திரைக்குள் தலை நீட்டியபோது ஹமீது கைக்குட்டையைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு, "ஓகே, ஓகே, ஐ ஃபால் டவுன்" என்றார். நின்றபடி விழுந்தவரைக் காவலாளி பார்த்துக்கொண்டே நின்றார்.

சிறுநீரக மருத்துவர், சத்தமே போடாத மனிதர், எல்லாம் அடங்கியபின் விளக்கினார். டி கொழுப்பில் கரையும். தேவைக்கு மேல் போனால் சிறுநீரில் வெளியேறாமல் உடம்பின் கொழுப்புக்குள் பதுங்கிக்கொண்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கசியும். கசிகிற நேரமெல்லாம் குடலிலிருந்தும் எலும்பிலிருந்தும் சுண்ணாம்பைப் பிடுங்கி ரத்தத்தில் கொட்டும். ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறினால் தாகம், வாந்தி, குழப்பம், தசைத் தளர்ச்சி. சிறுநீரகம் அதை வடிகட்டி வடிகட்டியே சாகும். அந்த வீடியோவில் வருவதுபோல் மிக அதிகமாகக் கொடுக்கிற மருத்துவர்கள் எங்கோ இருக்கிறார்கள், அவர்கள்கூட பாலையும் தயிரையும் நிறுத்தி, ரத்தத்தை அடிக்கடி சோதித்தபடிதான் கொடுக்கிறார்கள். அதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை என்றார். எனக்கோ பாலிலேயே கலந்து கொடுத்தாயிற்று.

"அணுக்களை அடக்குகிற அந்த மருந்து?" என்றேன்.

"சிறுநீரகம் திரும்பட்டும். பிறகு."

பிறகு. பந்தயத்தில் மறுபடி காலைக் கட்டிவிட்டார்கள், இம்முறை முடிச்சைப் போட்டவர் என் பக்கத்தில் படுத்தவர்.

ஹமீது வார்டுக்குள் வரக்கூடாது என்றேன். அவர் லிஃப்டுக்கு எதிரே இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார், புருவத்தில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு. கடையைத் திறக்கவில்லை. ஷிஃபா உள்ளேயும் வெளியேயும் நடந்தாள். பில்லை அவள் தன் போனிலேயே வைத்துக்கொண்டாள். கேட்டால், "மெடிசேவ் சேமிப்பு, இன்ஷூரன்ஸ் எல்லாம் ஐ ஸெட்டில், நீங்க தண்ணி குடிங்க" என்பாள். சில்வர் டம்ளரை அவளே எங்கேயோ எறிந்துவிட்டு, காகிதக் கோப்பை அடுக்கை வாங்கி வைத்தாள். "எறிஞ்சாலும் வலிக்காது" என்றாள். நான் சிரித்தேன், சிரிக்கும்போது வாந்தி வந்தது.

கால்சியத்தை இறக்க அதே ஸ்டீராய்டு வந்தது. கண்ணைக் காப்பாற்றிய எதிரி, இப்போது சிறுநீரகத்துக்காக. அதே சாவிக்கொத்து ருசி. படுத்தபடி அவரைப் பலவிதமாகக் கொன்றேன். அவர் கடைப் பெட்டி ஒன்றில் அடைத்துப் பூட்டிக் கடலில் தள்ளினேன். சக்கரம் இருந்ததால் அது தீவின் மேற்குக் கோடியான துவாஸ் வரை தானே உருண்டு போனது.

சாகுல் பாய் ஆப்பிள் பையோடு வந்தார். ஒட்டகம்போல் நெடிய மனிதர், பெட்டி தூக்கித் தூக்கித் தோள் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். கட்டிலுக்குத் தள்ளியே நின்றார்.

"நான் சொன்னேன்மா, வாரம் ஒண்ணுன்னு. அல்லா மேல ஆணையா சொன்னேன்."

"டப்பாவுல எழுதியிருக்குமே பாய்?"

அவர் தலையைச் சொறிந்தார். "டப்பாவை யாருமா தூக்குவா? ஏர்போர்ட்ல ஒவ்வொரு கிராமும் கணக்கு. எல்லா மருந்துக்கும் அப்படித்தான். அட்டை டப்பா, உள்ள மடிச்சு வச்சிருக்கிற பேப்பரு, எல்லாத்தையும் மீனம்பாக்கத்துலயே குப்பையில போட்டுட்டு சரக்கை மட்டும் கொட்டிக் கட்டிடுவோம். இத்தன வருஷமா அப்படித்தானே கொண்டாரேன், ஒருத்தரும் சாகலியேமா."

"சாகலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஆப்பிளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எத்தனை அடுப்படிகளில் எத்தனை பொட்டலங்கள், அளவு சொல்லும் தாள் இல்லாமல், அன்போடு மட்டும். சிங்கப்பூர் மாத்திரைக்கு வீரியம் போதாது, ஊர் மருந்துதான் கேட்கும் என்று நம்புகிற எங்கள் ஆட்கள் அத்தனை பேரையும் நினைத்துக்கொண்டேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்தக் குறுணைப் பொட்டலத்தை வைத்திருந்தால் தயவுசெய்து மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களை நேசிக்கிறவர் கையில் அது இருந்தால் இன்னும் சீக்கிரமாகக் காட்டுங்கள்.

ரத்தம் மெல்லத் தெளிந்தது. வீட்டுக்கு வந்தேன். பால், தயிர், மீன் எண்ணெய், டி மாத்திரை எல்லாம் தடை. டாக்டர் லிம் வெயிலைக்கூட கொஞ்ச காலம் தள்ளிவைக்கச் சொன்னார். ஹமீது கடையிலேயே படுத்துக்கொண்டார், பெட்டிகளுக்கு நடுவே பாய் விரித்து. ஒவ்வொரு காலையும் விழித்ததும் நான் செய்த முதல் வேலை, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் சுவரில் தொங்கும் சிவப்புத் துண்டைப் பார்ப்பது. இடது கண்ணில் சிவப்பு இருக்கிறதா. இருக்கிறது. இன்னும் அடி விழவில்லை. அடுத்த நாளும் பார்ப்பேன். கால் கூசினால் செத்தேன் என்பேன். கை மரத்தால் செத்தேன் என்பேன். அடிக்கப்போகிறவனைவிட அடிக்கு முந்தைய அமைதிதான் என்னை அதிகம் அடித்தது.

அடி விழுவதற்கு முன்னால் சிறுநீரகம் திரும்பியது. முழுதாக இல்லை, போதுமான அளவு. காசநோய் மாத்திரைக் கணக்கும் முடிந்திருந்தது. மருந்து ஏற்ற நாள் குறித்தார்கள்.

அன்று காலை கதவைத் திறந்தேன். ஹமீது வாசலில் நின்றார், கடையிலிருந்து முதல் ரயிலில் வந்திருந்தார். புருவத்தில் முடி முளைக்காத கோடு. "நானும் வரேன். உள்ள வரல. வெளிய உக்காந்துக்கறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டேன். வராதே என்று சொல்லவில்லை.

மருந்து ஏற்றும் கூடத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். தாதி கேட்டாள், "எனி அதர் மெடிசின்? ட்ரெடிஷனல், சப்ளிமென்ட்?" நான் வாயைத் திறக்குமுன் கதவருகிலிருந்து ஒரு குரல் கூடம் முழுக்கக் கேட்கும்படி வந்தது: "ஐ கிவ் ஹெர் வைட்டமின் டி, ஸிக்ஸ்டி தவுசண்ட், எவ்ரிடே, வித்தவுட் டெல்லிங். நவ் ஸ்டாப். நத்திங் நவ். பிளாக் ஸீட் ஆயில் ஆல்ஸோ நத்திங்." எல்லா நாற்காலிகளும் அவரைத் திரும்பிப் பார்த்தன. தாதி என்னைப் பார்த்தாள். "ஹஸ்பண்டா?" என்றாள். ஆமென்று தலையசைத்தேன்.

"அவரை உள்ள வரச் சொல்லு" என்று ஷிஃபாவிடம் சொன்னேன். "அங்கேயிருந்து கத்துறாரு, மானம் போகுது."

ஊசி ஏறியது. பையில் இருந்த நீர் இறங்கத் தொடங்கியது. என் சொந்தப் படையைக் கொல்ல நானே கூலிப்படையை உள்ளே விடுகிறேன். சற்று நேரத்தில் தொண்டை அரித்தது, முகம் கொதித்தது. இப்படித்தான் இருக்கும் என்று தாதி வேகத்தைக் குறைத்தாள். நா வறண்டது.

"தண்ணி" என்றேன்.

ஹமீது பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். வார்டில் இருந்த நாட்களிலிருந்து எனக்கு அவர் அனுப்பிய எதுவும் முத்திரை உடையாததாகத்தான் வந்தது. பிஸ்கட்டும் சரி, தண்ணீரும் சரி, வாழைப்பழம்கூடத் தோலோடு. பாட்டிலை என் முகத்துக்கு நேரே பிடித்து, மூடி உடையாததைக் காட்டி, நான் பார்க்கிறேனா என்று பார்த்து, பிறகு திருகினார். மூடியின் வளையம் நறுக்கென்று உடைந்தது. சுங்கத்தில் பெட்டி திறந்து காட்டுகிறவனைப்போல் நின்றார்.

வாங்கிக் குடித்தேன். பாட்டில் காலியாயிற்று. தாகம் போகவில்லை. அவர்மீது கோபமும் போகவில்லை, அது கொழுப்பில் கரைந்து பதுங்கியிருக்கிறது, எவ்வளவு காலம் கசியும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் என் இடது கண் அவர் முகத்தை முழுதாகப் பார்த்தது. அந்தக் கண்ணுக்காகத்தான் இந்த மனிதர் என்னைக் கொல்லப் பார்த்தார்.

"கீழ கடையில இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க."

எழுந்தார்.

"திறந்தே கொண்டாங்க" என்றேன். "என்னால ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தத்தைக் கேக்க முடியல."

அவர் அப்படியே நின்றார். ஷிஃபா போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"போங்க, தாகமா இருக்கு."

போனார். திரும்பி வந்தபோது மூடி இல்லாத பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வழியில் எங்கோ ஓடியிருக்கவேண்டும், பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியிருந்தது. மிச்சத்தை வாங்கிக் குடித்தேன்.